மின்கார் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மின்காரில் சார்ஜ் ஏறவில்லை என்றதும் பேட்டரியே போய்விட்டதோ என்றுதான் முதலில் மனம் பதறும். ஆனால் வீட்டில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கும் வண்டியின் சார்ஜ் வாய்க்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். அதனால் தேடும் வரிசை எப்போதும் இதுதான்: முதலில் சுவர், பிறகு கேபிள், கடைசியில் வண்டி. இந்த வரிசையை மாற்றி நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனால், அங்கே வேறு பாயிண்டில் சொருகிப் பார்த்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்புவார்கள். கோளாறு உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை ஒரு சாதாரண மல்டிமீட்டரும் டயர் காற்றழுத்தம் பார்க்கும் ஒரு கேஜும்தான். மீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் எதைக் கண்டாலும் கை வைக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரம் இருக்கும்.

சொருகியதும் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு

வண்டியோடு தரும் 15 ஆம்ப் சார்ஜர், கரண்டை வண்டிக்கு விடுவதற்கு முன்னால் எர்த் இருக்கிறதா என்று தானே சோதிக்கும். சரியில்லை என்று தெரிந்தால் அங்கேயே நின்றுவிடும். அதே பாயிண்டில் கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் நன்றாக ஓடுவதால் சார்ஜர்மேல்தான் சந்தேகம் வரும். அவை எர்த் இல்லாமலும் ஓடும் சாமான்கள். சார்ஜர் அப்படி ஓடாது, ஓடவும் கூடாது.

மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள். பாயிண்டை நேராகப் பார்த்தால் வலது ஓட்டை பேஸ், இடது நியூட்ரல், மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 216 முதல் 244 வோல்ட் வரை இருக்கலாம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். கடைசி அளவை எடுக்கும்போது அதே லைனில் கெய்சர் போல ஏதாவது பெரிய லோடு ஓடிக்கொண்டிருக்கட்டும். லோடு இல்லாதபோது நல்ல பிள்ளையாக இருக்கும் நியூட்ரல், லோடு ஏறியதும்தான் சுயரூபத்தைக் காட்டும்.

பேஸ், எர்த் நடுவே 60, 110 என்று சம்பந்தமில்லாத எண் வந்தால் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது இணைக்கப்படவே இல்லை. பழைய வீடுகளில் எர்த் ஒயரை ஸ்விட்ச் பெட்டி வரை இழுத்து, முறுக்கி, அப்படியே விட்டிருப்பார்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 காட்டினால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. பாயிண்டைக் கழற்றி இரண்டையும் மாற்றிப் போட்டால் முடிந்தது. மூன்றாவது அளவு 5 வோல்ட்டைத் தாண்டினால், ஒன்று நியூட்ரல் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் எர்த் குழி காய்ந்திருக்கிறது.

சித்திரை, வைகாசி வெயிலில் எர்த் குழி காய்வது நம் ஊரில் சகஜம். இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கிச் சார்ஜும் ஏறினால் நோய் தெரிந்துவிட்டது. ஆனால் தண்ணீர் மருந்து ஆகாது, நாலு நாளில் மறுபடி காய்ந்துவிடும். கிளாம்பில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டி இறுக்குங்கள். அதற்கும் சரிப்படாவிட்டால் காப்பர் பூசிய புது ராடு அடித்து, எர்த் ரெசிஸ்டன்ஸ் 5 ஓமுக்குள் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்ப்பார்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் எர்த் நல்லது. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உடனே விழுந்தால் எர்த் இணைப்பு இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். மங்கலாக எரிந்தால் பலவீனம். எர்த் மோசமாக இருக்கும் வீட்டில் இந்தச் சோதனை நடக்கும்போது பிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலெல்லாம் கரண்ட் பாயலாம். அந்த ஒரு நிமிடம் யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாயிண்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சார்ஜரை ஏமாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அதே வேலையைச் செய்யும் அடாப்டர்களும் விற்கின்றன. சிவப்பு விளக்கு பச்சையாகும், சார்ஜும் ஏறும். ஆனால் அந்த லைனில் நியூட்ரல் என்றைக்காவது அறுந்தால், 230 வோல்ட்டும் எர்த் வழியாக வண்டியின் உடம்புக்கு வந்து நிற்கும். ஈரக் காலோடு கார் கதவைத் தொடும் குழந்தைக்கு அதுவே எமன். யார் செய்து கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெட்டியில் எல்லாம் பச்சை, வண்டி மட்டும் அசையவில்லை

முதலில் சுலபமானவை. ஆப்பில் சார்ஜ் நேரம் இரவு 11 என்று வைத்திருக்கிறீர்களா? 80 சதவீதத்தில் நிறுத்தும்படி அமைத்துவிட்டு மறந்துவிட்டீர்களா? பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

அதுவும் இல்லை என்றால் கன்னின், அதாவது கேபிள் முனையில் வண்டிக்குள் சொருகும் கைப்பிடியின், முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய ஊசிகளுக்கு மேலே இரண்டு சிறிய ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒன்றில்தான் சார்ஜரும் வண்டியும் பேசிக்கொள்கின்றன. எதுவும் மாட்டாதபோது அதில் 12 வோல்ட். வண்டி இணைந்ததும் 9. வண்டி கரண்ட் கேட்டதும் 6. அந்த ஊசியில் மண்ணோ பாசியோ ஒட்டினால் இந்த எண்கள் பிசகும், பேச்சு நின்றுபோகும். கார் ஷெட்டில் கன்னைத் தரையில் போடும் பழக்கம் உள்ள வீடுகளில் இது அடிக்கடி வரும். மெயினை அணைத்துவிட்டு, காய்ந்த மென்மையான பிரஷால் துடையுங்கள். ஊசி, கம்பி, எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. பிறகு "டக்" என்று பூட்டும் சத்தம் கேட்கும்வரை அழுத்திச் சொருகுங்கள்.

பிளக் சுடுகிறது, அல்லது ஒரு மணி நேரத்தில் நின்றுபோகிறது

இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் ஓடும், தானே அணைந்து அணைந்து எரியும். கார் சார்ஜர் 10 முதல் 13 ஆம்பை எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். தளர்ந்த இணைப்பு எது என்று காட்டிக்கொடுப்பது அந்த நீளம்தான்.

கணக்கு எளியது. தளர்ந்த ஒரு ஸ்க்ரூவில் 0.1 ஓம் தடை இருந்தால், 13 ஆம்பில் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 17 வாட் வெப்பம் உண்டாகும். பிளக்குக்குள் ஒரு சால்டரிங் அயர்னை இரவெல்லாம் எரியவிட்டதற்குச் சமம். பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு உருகும், பிறகு கருகும்.

அரை மணி நேரம் சார்ஜ் ஓடியபின் பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே ஸ்விட்சை அணையுங்கள். ஆறியபின் பிளக்கின் ஊசிகளைப் பாருங்கள்: ஒரு ஊசி மட்டும் நீலமாகவோ கறுப்பாகவோ நிறம் மாறியிருந்தால், பாயிண்டில் அதே பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அந்தப் பாயிண்டை மாற்றுவதே வழி, கவ்வை நெருக்கி வைப்பது ஒரு வாரம்கூடத் தாங்காது. புதியதைப் பொருத்தும்போது ஒயர் நுனியில் லக் போட்டு ஸ்க்ரூவை நன்றாக இறுக்கச் சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், 6 ஆம்ப் கன்வர்ட்டர் இரண்டும் கார் பக்கமே வரக் கூடாது.

வேறு வழியே இல்லாமல் அன்றிரவு சார்ஜ் செய்தாக வேண்டும் என்றால், வண்டியிலோ சார்ஜரிலோ ஆம்பைக் குறைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். கரண்ட் பாதியானால் வெப்பம் கால்வாசியாகும்.

பிளக் சுடவில்லை, ஆனாலும் சார்ஜ் நிற்கிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். சார்ஜ் தொடங்கும் முன் ஒரு அளவு, ஓடும்போது அதே சர்க்யூட்டின் பக்கத்துப் பாயிண்டில் ஒரு அளவு. 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் என்றால் 13 ஆம்பில் 4 வோல்ட் இறங்கும், 1.5 என்றால் 6 வோல்ட்டுக்கு மேல். 10 வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் வழியில் ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கிறது: மீட்டர் பெட்டி, பியூஸ் கேரியர், மெயின் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொடங்கும் முன்பே 200க்குக் கீழே என்றால் தெருவிலேயே வோல்டேஜ் இல்லை. எல்லார் வீட்டிலும் ஏ.சி. ஓடும் கோடை முன்னிரவில் இப்படி ஆகும். நேரத்தை நள்ளிரவுக்குப் பிறகு தள்ளி வையுங்கள். தினமும் இதே கதை என்றால் அளந்த எண்ணையும் நேரத்தையும் குறித்து மின்வாரியத்தின் மின்னகம் சேவையில், 94987 94987 எண்ணில், புகார் பதியுங்கள்.

பிரேக்கர் விழுகிறது

எது விழுகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். எம்.சி.பி. (லோடு கூடினால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) ஒரு மணி நேரம் கழித்து விழுந்தால் அது சூட்டால் விழுவது. வீட்டு எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரி வெப்பத்துக்கு நிர்ணயித்தது. மேற்குச் சுவரில் வெயிலில் காயும் பெட்டிக்குள் 16 ஆம்ப் எம்.சி.பி. உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயரைத் தனியாக இழுத்து 20 ஆம்ப் எம்.சி.பி. போடுவதுதான் தீர்வு. பழைய ஒயரை அப்படியே வைத்துக்கொண்டு எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், விழ வேண்டியது விழாமல் ஒயர் எரியும். 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் 32 ஆம்ப் இழுக்கும். அதற்கு 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர், 40 ஆம்ப் பிரேக்கர் வேண்டும், மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கும் முறையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் அது கசிவு. 30 மில்லி ஆம்ப் என்று எழுதியிருந்தாலும் 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அது விழலாம். வீட்டில் பழைய கெய்சரும் மோட்டாரும் ஏற்கெனவே கொஞ்சம் கசியவிட்டிருக்கும், கார் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். காருக்கென்று தனியாக டைப் ஏ வகை ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்வது) ஒன்று போடுங்கள். அதன்பின்னும் கார் சொருகியதும் விழுந்தால் கன்னுக்குள் ஈரம் இருக்கலாம். காயவைத்துப் பாருங்கள். காய்ந்தும் விழுந்தால் இப்போதுதான் சர்வீஸ் சென்டருக்குப் போகும் நேரம்.

வழியில் உள்ள டி.சி. சார்ஜரில் தொடங்கவே இல்லை

ஆப்பில் பணம் கழிந்தும் கரண்ட் வராமல் நிற்கும்போது பதற்றம் கூடும். இந்த வரிசையில் முயலுங்கள். சார்ஜரின் சிவப்பு அவசரப் பட்டனைப் பாருங்கள்: யாரோ அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள், அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் வெளியே வரும். பிறகு வண்டியை முழுக்க அணைத்து, கன்னைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி மாட்டுங்கள். சி.சி.எஸ். 2 எனப்படும் டி.சி. சார்ஜ் கேபிள் கனமானது. அதன் எடையில் கன் கீழே சாய்ந்து, மேல் ஊசி சரியாகத் தொடாமல் போகும். வண்டியில் பூட்டு விழும் சத்தம் கேட்கும்வரை கன்னைக் கையால் சற்றுத் தூக்கிப் பிடித்திருங்கள். இந்த ஒரு செயலிலேயே பல சார்ஜர்கள் உயிர் பெறும்.

மழை நாளில் "இன்சுலேஷன்" என்று ஏதாவது பிழை காட்டினால், ஊசிகளில் தண்ணீர் இருக்கிறது. சார்ஜர் கரண்ட் விடும் முன் உயர் வோல்டேஜில் கசிவுச் சோதனை செய்யும், சொட்டு ஈரம் இருந்தாலும் தடுத்துவிடும். துணியால் துடைத்து, பக்கத்துக் கன்னில் முயலுங்கள்.

தொடங்கிவிட்டது ஆனால் மெதுவாக ஏறுகிறது என்றால் பெரும்பாலும் கோளாறு இல்லை. 60 கிலோவாட் சார்ஜரில் இரண்டு வண்டி நின்றால் பல இடங்களில் ஆளுக்கு 30 தான். வண்டி தாங்கும் அளவு அதைவிடக் குறைவு என்றால் அந்தக் குறைவுதான் கிடைக்கும். 80 சதவீதத்துக்கு மேல் எல்லா வண்டியும் வேகத்தைக் குறைக்கும். உச்சி வெயிலில் நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து நேராகச் சொருகினால், பேட்டரி சூட்டைப் பார்த்து வண்டியே கரண்டைக் குறைத்து வாங்கும்.

கன் கழலவில்லை என்றால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். ஆப்பில் நிறுத்தி, ரிமோட்டில் கதவைப் பூட்டி இருமுறை திறந்து, கன்னை உள்பக்கம் அழுத்திக்கொண்டே பட்டனை அமுக்கி இழுங்கள். பல வண்டிகளில் டிக்கியின் பக்கச் சுவரிலோ பானட்டுக்கு அடியிலோ கையால் விடுவிக்கும் கயிறு இருக்கும். அது எங்கே என்று கையேட்டில் இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் உயிரே இல்லை: கதவு திறக்கவில்லை, திரை எரியவில்லை

பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருக்கும், வண்டி மட்டும் பிணம்போலக் கிடக்கும். குற்றவாளி பானட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்கள் இந்தச் சின்னப் பேட்டரியில்தான் இயங்குகின்றன. இது செத்தால் சார்ஜர் சொருகினாலும் ஏறாது.

சாவிக்கொத்துக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறங்கள். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8க்குக் கீழே காலி. ஜம்ப் கேபிளில் சிவப்பு பாசிட்டிவுக்கு, கறுப்பு கையேடு காட்டும் பாடி முனைக்கு. பெட்ரோல் வண்டிபோல் ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லாததால் சிறிய ஜம்ப் பேக் போதும். வண்டி "ரெடி" நிலைக்கு வந்ததும் அப்படியே ஒரு மணி நேரம் விடுங்கள். அப்போது 12 வோல்ட் பேட்டரி முனையில் 13.5க்கு மேல் காட்டினால் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்கு ஊட்டும் கன்வர்ட்டர் நலம். 12.5லேயே நின்று இறங்கிக்கொண்டே போனால் கன்வர்ட்டரில் கோளாறு, ஓட்ட வேண்டாம். உங்கள் மின்காரிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஜம்ப் கொடுப்பதைப் பெரும்பாலான கையேடுகள் தடுக்கின்றன.

திரும்பத் திரும்ப இறங்கினால் நேரடியாக ஒயர் இழுத்த டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி போன்றவற்றை ஒரு வாரம் கழற்றி வைத்துப் பாருங்கள். நம் வெயிலில் மூன்று நான்கு ஆண்டு ஆன பேட்டரி என்றால் மாற்றிவிடுவதே மேல்.

ரேஞ்ச் குறைந்துவிட்டது

திரையில் காட்டும் கிலோமீட்டர், நேற்று நீங்கள் ஓட்டிய விதத்தின் நிழல். அதை வைத்துப் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். 30.2 யூனிட் பேட்டரியில் 100 கி.மீ. ஓட 50 சதவீதம் போனால், செலவு 15 யூனிட். அது அந்த அளவு வண்டிக்கு இயல்பு.

ஏ.சி. சராசரியாக 1 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் மணிக்கு 20 கி.மீ. போனால் அது 100 கி.மீ.க்கு 5 யூனிட்டைத் தின்னும். நெடுஞ்சாலையில் 80இல் போனால் ஒன்றேகால் யூனிட்தான். நெடுஞ்சாலையில் ஏ.சி.யை அணைத்து வியர்த்துக்கொண்டு போவதில் லாபம் சொற்பம், வேகத்தை 100இலிருந்து 80க்குக் குறைப்பதில்தான் லாபம்: காற்றின் எதிர்ப்பு 100இல் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

வேகமும் ஏ.சி.யும் மாறாமலே செலவு கூடியிருந்தால் டயர்களைப் பாருங்கள். காலையில் குளிர்ந்த டயரில் அழுத்தம் அளவிடுங்கள். புது டயர் மாற்றிய வாரத்திலிருந்து ரேஞ்ச் குறைந்ததா? சுலபமாக உருளும் டயருக்குப் பதில் சாதாரண டயர் போட்டிருப்பார்கள். ஓட்டி நிறுத்தியதும் நான்கு வீல் அருகிலும் கையை நீட்டுங்கள், ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

மலைக்கு வேறு கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ வரும் வண்டியைத் தூக்கவே கிட்டத்தட்ட 9 யூனிட் வேண்டும், தூரத்துக்கான செலவு தனி. இறங்கும்போது அதில் நல்ல பங்கு திரும்பி வரும், பேட்டரியில் இடம் இருந்தால். ஊட்டியில் 100 வரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவது) வேலை செய்யாது, முழுச் சுமையும் பிரேக்கில் விழும். 80க்குள் நிறுத்திக்கொண்டு இறங்குங்கள். நிறைந்த பேட்டரியில் ரீஜென் வராதது பழுது இல்லை.

பேட்டரிமேல் உண்மையாகவே சந்தேகம் என்றால், 10 சதவீதத்திலிருந்து 100 வரை மெதுவான சார்ஜில் ஏற்றி, மீட்டரில் எத்தனை யூனிட் போனது என்று குறியுங்கள். 24 யூனிட் பேட்டரிக்கு 21.6 உள்ளே போக வேண்டும், வழியில் வீணாவதையும் சேர்த்தால் சுவரில் 24 அருகே காட்டும். அதைவிட மிகவும் குறைவாக வந்தால் அந்த எண்ணோடு வாரண்டி கேளுங்கள்.

12 சதவீதத்திலிருந்து திடீரென்று 3க்கு விழுவது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரிகளில் காணும் ஒன்று. அந்த செல்களின் வோல்டேஜ் நடுவில் ஏறக்குறைய மாறாமல் 3.2, 3.3இலேயே நிற்பதால், எவ்வளவு மீதி என்று வண்டிக்குக் கணக்குத் தவறும். கையேடு சொல்லும் இடைவெளியில் மெதுவான சார்ஜில் 100 வரை ஏற்றி, 100 காட்டியபின்னும் தானாக நிற்கும்வரை கழற்றாமல் விடுங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பின்னும் விழுந்தால் ஏதோ ஒரு செல் பின்தங்கியிருக்கிறது, அதை சர்வீஸில்தான் பார்க்க முடியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கார்கள் மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 தரம் என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். இரண்டு நாள் நின்ற தண்ணீருக்கு அந்த உறுதி கிடையாது, வண்டியின் மற்ற கனெக்டர்களுக்கு அந்தத் தரமே இல்லாமலும் இருக்கலாம்.

தண்ணீர் வடிந்ததும் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சார்ஜரும் சொருகக் கூடாது. சுவரில் தொங்கும் சார்ஜர் நனைந்திருந்தால், அதைத் தொடும் முன் அந்தக் கட்டடத்தின் மெயினை அணையுங்கள். புகை, சீறும் சத்தம், இனிப்பான கரைப்பான் வாடை எது வந்தாலும் தள்ளி நின்று 101ஐ அழையுங்கள். எதுவும் இல்லை என்றால் புகைப்படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றும் பிளாட்பெட் வண்டியில் அனுப்புங்கள். மோட்டாரோடு இணைந்த சக்கரத்தை உருளவிட்டு இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறும். சர்வீஸில் பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவே இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளந்து, அந்த எண்ணை எழுத்தில் வாங்கிய பிறகே சார்ஜ் போட அனுமதியுங்கள். வண்டியைத் திரும்ப எடுத்து வந்தபின், முதல் சில வாரம் கட்டடத்தை ஒட்டி நிறுத்தாமல் திறந்த வெளியில் நிறுத்துங்கள்.